கொடுமுடிக்கு ஒரு நாள்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரயாணம் என்று வந்துவிட்டால், முதல் நாள் இரவே நான் புத்தகங்களைப் புரட்டிப் போகிற ஊரின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்துவிடுவேன். அதே நேரத்தில் என் தாயார் சமையலறையில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் ரயிலில் என் சரித்திரமும் அவருடைய கச்சாயமும் குழந்தைகளுக்குப் பரிமாறப்படும். எது முதலில் தீர்ந்துபோகும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொடுமுடிக்குப் புறப்பட்டோம். தாயார், மனைவி, பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், நான். கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரையில் ஒரு வண்டி. அங்கே இறங்கிக் கரூர் போகும் பாசஞ்சர் வண்டி. திருப்பூர் தாண்டி ஊத்துக்குளி வந்ததும், "இந்த ஊர் வெண்ணெய்க்கு ஈடு கிடையாது" என்று தாயார் சொன்னார். அன்று என்னுடைய பிரசங்கத்துக்கு நடுவே குழந்தைகள் காதில் விழுந்த ஒரே தகவல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஈரோட்டில் வண்டி மாறியதும் நான் மறுபடி ஆரம்பித்தேன். ஆதிசேஷனுக்கும் வாயு பகவானுக்கும் பலப்பரீட்சை நடந்தது. மேருமலை ஐந்து துண்டுகளாகச் சிதறியது. அதில் வைரமாக விழுந்த துண்டுதான் கொடுமுடியில் மகுடேசுவரராக இருக்கிறது. கதை சூடு பிடிக்கிற சமயத்தில் ஒரு பாட்டுக் குரல் குறுக்கிட்டது.

ஒன்பது பத்து வயதுச் சிறுமி. எண்ணெய் காணாத தலை. இரண்டு தட்டைக் கற்களை விரலிடுக்கில் வைத்துத் தாளம் தட்டிக்கொண்டே பாடினாள். குரல் நன்றாகவே இருந்தது. என் பெண் திரும்பி உட்கார்ந்து அவளையே பார்த்தாள். உதடு அசைந்தது, கூடவே முணுமுணுக்கிறாள்! எனக்குச் சுருக்கென்றது.

"போம்மா, அந்தப் பக்கம் போ. இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

சிறுமி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். கோபித்துக்கொள்ளவில்லை, பழக்கப்பட்டவள் போல அடுத்த வரிசைக்குப் போனாள். பாசூரில் இறங்கிவிட்டாள்.

"ஒரு கச்சாயமாவது கொடுத்திருக்கலாமுங்க" என்றாள் மனைவி.

"குழந்தைகளுக்குக் காசு கொடுத்தால் பிச்சையை வளர்ப்பதாக ஆகும். இந்த வயதில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள்" என்றேன். நியாயம் என் பக்கம் பலமாக இருந்தது. ஊஞ்சலூர் வருவதற்குள் மேருமலைக்குத் திரும்பிவிட்டேன்.

கொடுமுடியில் தரிசனம் நிதானமாகக் கிடைத்தது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஸ்தலம். சிவன், திருமால், பிரம்மா மூவருக்கும் ஒரே கோயிலில் இடம். பிரம்மா இருப்பது ஒரு வன்னி மரத்தடியில். பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகும் காவடிக்காரர்கள் இங்கிருந்துதான் தீர்த்தம் எடுத்துப் போகிறார்கள். தெற்கே பார்த்து வந்த காவிரி, இங்கே கிழக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தைப் பார்த்தபடி படித்துறையில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

சாப்பிடும்போது தாயார் தாமாகவே பேச ஆரம்பித்தார்.

"கண்ணு, உங்கப்பன் ஒன்றை விட்டுட்டான். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் இது. 'திருவிளையாடல்' வந்தப்போ எனக்குப் பத்து வயசு. டூரிங் கொட்டகையில மணல்ல உட்கார்ந்து பார்த்தேன். அந்த அம்மா ஔவையாரா வந்து வாயைத் திறந்தாங்க பாரு, கொட்டகையே கப்சிப்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மீதியை நானே சொன்னேன். 1908-இல் பிறந்தவர்; வறுமையில் வளர்ந்தவர். நாடக மேடையில் கிட்டப்பாவோடு புகழின் உச்சிக்குப் போனார், அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்த பிறகு வெள்ளைப் புடவையோடு வாழ்ந்தார். 1935-இல் 'நந்தனார்' படத்துக்கு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி நாட்டையே மூக்கில் விரல் வைக்கச் செய்தார். பிற்பாடு சட்ட மேலவைக்கும் போனார்.

"அவங்களுக்கு யார் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாங்க அப்பா?" என்றாள் பெண்.

"சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்தார்களாம். நடேசய்யர் என்று ஒரு ரயில்வே அதிகாரி, நாடகப் பித்தர், அந்தக் குரலைக் கேட்டு நாடக மேடைக்கு வழிகாட்டினார் என்று..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தாயார் தயிர்சோற்றைப் பிசைவதில் முனைந்திருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "காசு கொடுக்க வேண்டாம் சரி. பாட்டைக் கேட்டிருக்கலாம் இல்லையா அப்பா?"

ஏழை எளியவர்களைப் பற்றி இருபது வருஷமாகக் கதை எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறேன். என் கதைகளில் இப்படி ஒரு சிறுமி வந்தால் அவளுக்காக இரண்டு பக்கம் உருகியிருப்பேன். கண்ணெதிரே வந்தவளைப் புராணத்துக்கு இடைஞ்சல் என்று விரட்டினேன். அதைவிட, என் பெண்ணின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்ததே எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட நியாயமெல்லாம் பிறகு தேடிக்கொண்டதுதான்.

அந்தச் சிறுமி இன்னொரு சுந்தராம்பாள் ஆவாள் என்று நான் சொல்லவில்லை. ஆகாமலே போகலாம். பாட்டைக் கேட்பதற்கு அதுவா நிபந்தனை?

சாயங்கால வண்டியில் பாசூர் வந்தபோது நாங்கள் ஐவரும் பிளாட்பாரத்தைப் பார்த்தோம். வேர்க்கடலை விற்கிறவர் ஏறினார். வேறு யாரும் ஏறவில்லை. தாயார் இலையில் தனியாகக் கட்டி வைத்திருந்த இரண்டு கச்சாயங்கள் கோயமுத்தூருக்கே திரும்பி வந்தன.

இருட்டிய பிறகு, திருப்பூருக்கு இப்பால், என் பெண் ஜன்னலோரம் சாய்ந்து காலையில் பாதியில் நின்ற அந்தப் பாட்டைத் தனக்குள் பாடினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வழியில் நீங்கள் போக நேர்ந்தால், காசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். பாட்டு முடிகிற வரையிலாவது பேச்சை நிறுத்தி வையுங்கள்.