வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கி ஜிஎஸ்டி சாலையில் போனால் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், மகேந்திரா சிட்டி என்று அடுத்தடுத்து வரும். மறைமலை நகரில்தான் ஃபோர்டு ஆலை இருந்தது. எண்டவர் என்ற பெரிய வண்டி அங்கே தயாரானது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் நிறுவனம் அறிவித்தது, மறு ஆண்டு ஆலை ஓய்ந்தது. மகேந்திரா சிட்டியில் 2012-ல் திறந்த மகேந்திரா ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2020 அக்டோபர் 2-ம் தேதி விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை தார் ஜீப் அங்கேதான் உருவானது. இரண்டுக்கும் நடுவில், பாறையைக் குடைந்த பழைய கோயிலில் இருக்கும் பாடலாத்ரி நரசிம்மரால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில். புது வண்டி எடுத்தவர்கள் சந்நிதியில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, அடுத்து வந்து நிற்பது நான் போயிருந்த மாதிரியான ஒரு பட்டறையில்தான்.

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் இரண்டு வண்டி நிற்கும் அளவுக்குச் சிமெண்ட் தரை, எதிரே வெள்ளையடித்த சுவர். அந்தச் சுவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மாஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரகடம் சாலையில் லாரிகளுக்கு வயரிங் பார்த்துத் தொழில் பழகியவர். கூட இரண்டு பையன்கள்; ஒருவர் ஐடிஐ படித்தவர், மற்றவர் பட்டறையிலேயே வளர்ந்தவர். வருகிற வண்டிகள் தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய மேஜர் ஜீப், எப்போதாவது ஒரு எண்டவர். சாமான்களைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கியோ ஆன்லைனில் வரவழைத்தோ உரிமையாளர்களே கொண்டுவருகிறார்கள். ஃபாக் லாம்ப், லைட் பார், வின்ச், ஸ்நார்க்கெல், மேலே கேரியர். பெட்டியைப் பிரிக்கும்போது அவர்கள் கண் லைட்டின் மேல் இருக்கிறது. மாஸ்டரின் கை நேராக அதோடு வந்திருக்கும் வயரைத்தான் எடுக்கிறது. தோலைக் கொஞ்சம் உரித்து உள்ளே செம்பு எத்தனை இழை என்று பார்க்கிறார். பெரும்பாலும் அந்த வயரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்.

"லைட்டு நல்ல லைட்டுதான் சார். வயருதான் ஏமாத்து. மேல தோலு தடிமன், உள்ள செம்பு ஒண்ணுமில்ல."

இந்த வேலையின் அடிப்படைக் கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 120 வாட் லைட் பார் ஒன்று 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். டேஷ்போர்டில் மாட்டும் சின்ன சுவிட்ச் வழியாக அவ்வளவு கரண்ட்டை நேரே ஓட்டக் கூடாது. சுவிட்ச் சூடாகி இளகிவிடும். அதனால் நடுவில் ஒரு ரிலே. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30-ல் பேட்டரியிலிருந்து வரும் லைன், 87-லிருந்து லைட்டுக்குப் போகும் லைன், 85-ம் 86-ம் உள்ளே இருக்கும் காயிலுக்கு. காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. சுவிட்ச் அந்தச் சின்ன கரண்ட்டை மட்டும் சுமக்கிறது. பெரிய கரண்ட் பானட்டுக்குள்ளேயே குறுக்குவழியில் லைட்டுக்குப் போய்விடுகிறது.

ஐடிஐ பையன் எனக்கு ஒரு பழைய ஜீப்பில் இதை அளந்தே காட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபோது 13.8 வோல்ட். ஹெட்லைட் பல்பின் கப்ளரில் வைத்தபோது 12.4. நடுவில் காணாமல் போன வோல்ட்டெல்லாம் இளைத்த வயரிலும் துருப்பிடித்த முனைகளிலும் வீண் சூடாகியிருந்தது. ஹாலோஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். "சின்னக் குழாயில பெரிய மோட்டார் தண்ணியத் திறந்துவிட்ட மாதிரி சார், முனைக்கு வந்து சேராது" என்றார் மாஸ்டர். அந்த ஜீப்காரர் வந்தது 100/90 வாட் பல்பு மாட்டச் சொல்லி. இவர்கள் ரிலே போட்டுப் புது லைன் இழுத்தார்கள்; ஏற்கெனவே இருந்த 60/55 வாட் பல்பே அவருக்குப் போதுமானதாகிவிட்டது.

நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது எர்த் அடிக்கும் வேலையை. வண்டியின் உடம்பேதான் மைனஸ் என்பதால் எங்கே வேண்டுமானாலும் ஒரு போல்ட்டில் கறுப்பு வயரைச் செருகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மற்றப் பையன், படிப்பைப் பாதியில் விட்டவர், சேஸியில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, உப்புத்தாளால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு பெயிண்டைச் சுரண்டினார். வெள்ளி நிறம் தெரிகிற வரைக்கும் விடவில்லை. வளைய முனையை வயரில் செருகி, அச்சுள்ள இடுக்கியால் அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. உள்ளே பசை தடவிய ஸ்லீவை அதன் மேல் தள்ளிச் சூடு காட்டினார். அது சுருங்கி, ஓரத்தில் பசை ஒரு துளி கசிந்தது. "கசிஞ்சாத்தான் உள்ள தண்ணி போகாதுண்ணா" என்றார். போல்ட்டை முறுக்கி, சுரண்டிய இடம் முழுவதும் கிரீஸ் பூசினார். கடல் காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில், இந்த ஒரு ரூபாய் அகலம்தான் இரண்டு மழைக்காலம் கழித்து லைட் எரியுமா, மினுக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா என்று கேட்டேன். வீட்டு ரேடியோவுக்குச் சரி என்றார் மாஸ்டர். ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். கரடுமுரடான தடத்தில் வண்டி குலுங்கும்போது விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். ஒடிந்தது ஸ்லீவுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. மலைப்பாதையில் ராத்திரி நேரத்தில்தான் தெரியும்.

இப்படித் தெரியாத இடத்தில் செய்யும் வேலைகளின் பட்டியல் நீளமானது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது, அது உரசி ஷார்ட் ஆனால் தீதான். கேபினுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் க்ரோமெட் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு கத்தியாகிவிடும். லைட்டுக்குள் நுழைவதற்கு முன் வயரைக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுகிறார்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கப்ளருக்குள் ஓடாது. துளை போட்டால் அதன் ஓரத்துக்கு பிரைமர். புது வண்டியாக இருந்தால் கம்பெனி வயரை வெட்டுவதே இல்லை, கப்ளர் டு கப்ளர்தான். வெட்டினால் வாரண்டி போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை ஐடிஐ பையன் சொன்னார்: இப்போதைய வண்டிகளில் பல விளக்குகளுக்குக் கம்ப்யூட்டர் அளந்துதான் கரண்ட் விடுகிறது, தெரியாமல் ஒரு வயரில் ஒட்டுப்போட்டால் மீட்டர் போர்டு முழுவதும் எச்சரிக்கை விளக்கு எரியும்.

மகேந்திரா சிட்டிக்குள் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் ஒவ்வொரு வயருக்கும் வரைபடம் இருக்கும், நிறம் இருக்கும், சோதனை இருக்கும். அங்கே உருவான வண்டியின் மேல் வயர் சேர்க்கும் இந்தக் கைகளிடம் வரைபடம் கிடையாது. டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதே ஒழுங்கை வரைபடமில்லாமல் காப்பாற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தபோது இவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கனமான சாமான்களிலும் இதே நிதானம்தான். 9,500 பவுண்டு வின்ச், அதாவது சுமார் 4,300 கிலோ இழுவை, முழு பாரத்தில் 400 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். இந்த வண்டிகளின் ஆல்டர்னேட்டர் அவ்வளவு தராது. எஞ்சினை ஓடவிட்டு, விட்டு விட்டு இழுக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஸ்நார்க்கெல் கேட்டு வருகிறவர்களில் தாம்பரம் பக்கத்துக்காரர்கள் அதிகம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு மாஸ்டர் சொல்வது ஒன்றுதான். ஸ்நார்க்கெல் எஞ்சின் மூச்சு விடும் இடத்தைத்தான் உயர்த்தும். தாருக்குக் கம்பெனி சொல்லும் 650 மில்லிமீட்டர் ஆழத்தை அது மாற்றாது. ஆக்சிலின் காற்றுக்குழாயும் மின் இணைப்புகளும் பழைய உயரத்திலேயே இருக்கின்றன.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் அந்த வெள்ளைச் சுவருக்கு வேலை வந்தது. டயரில் காற்று சரிபார்த்து, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, சுவரிலிருந்து பத்து மீட்டரில் ஒரு தாரை நிறுத்தினார்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு, அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். பத்து மீட்டரில் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் ஒரு சதவீதச் சரிவு. அந்த வண்டிக்கு லிஃப்ட் கிட் போட்டிருந்தார்கள். உடம்பு உயர்ந்ததும் லைட்டும் உயர்ந்து, எதிர்வண்டியின் கண்ணாடிக்கு நேராக ஏறியிருந்தது. மாஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்ப, வெளிச்சத்தின் விளிம்பு சுவரில் மெல்ல இறங்கியது.

இன்னொரு வண்டியில், ஆன்லைனில் வாங்கிய ஏழு அங்குல வட்ட எல்இடி விளக்கு. சுவரில் அடித்ததும் வெளிச்சத்தின் விளிம்பு வலப்பக்கம் மேலே ஏறியிருந்தது. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில், நடைபாதையும் பலகையும் தெரிவதற்காக அது இடப்பக்கம்தான் ஏற வேண்டும். வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கென்று செய்த விளக்கு அது. ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. இங்கே அது எதிரில் வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அடிக்கும். மாஸ்டர் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். "ரிட்டர்ன் பண்ணிடுங்க தம்பி. எதிர்ல டூவீலர்ல குழந்தைய வச்சினு வர்றவன் நமக்குக் காசு குடுக்கல. ஆனா இந்த வேலைக்கு அவனும் ஒரு கஸ்டமர்தான்." ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகுவதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை, இழை இருக்க வேண்டிய இடத்தில் சில்லு இல்லாததால் ஒளி சிதறி மேலே தெறிக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106, எட்டு மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி விளக்கு இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. விதி 111, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி முன்பக்கம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்தக் கூடாது என்கிறது. வண்டியைத் தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் புது வடிவம் பெற்ற 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நசுங்கி மோதலை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதி, இரும்புக் கம்பி இருந்தால் நசுங்காது. ஏர்பேக் விரியும் நேரமும் தவறக்கூடும். நடந்துபோகிறவருக்கு அடி பலமாகும். இந்தப் பட்டறையில் புல் பார் மாட்டுவதில்லை. மாட்டியதைக் கழற்றித் தருகிறார்கள்.

ஆக, உரிமையாளர் கேட்பதில் ஒரு பகுதி சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்த எல்லையில் நின்று 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர் வயரைக் கையில் பிடித்திருக்கும் இந்தத் தொழிலாளிதான். அவருக்குச் சான்றிதழ் இல்லை, விதிப் புத்தகத்தை யாரும் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்ததில்லை. இவர் மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். லைட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் பொருத்தும் கூலியில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார். அந்தப் பேரத்தில் முதலில் குறைவது செம்பும் ஃபியூஸும் சுவரெதிரே செலவிடும் அரை மணி நேரமும்.

ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஐடிஐக்களும் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. பட்டறை ஆட்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும், விதிகளின் தமிழ்ச் சுருக்கமும், அளந்து கோடு போட்ட சுவர் ஒன்றும் ஏற்பாடு செய்வது இவற்றுக்குப் பெரிய காரியமாக இருக்காது. வண்டி வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். லைட் வாங்குமுன் அது நம் சாலைக்குச் செய்ததா என்று பாருங்கள். வயருக்கும் ரிலேக்கும் தனியாகப் பணம் கொடுங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிப் பானட்டுக்குள் ஒட்டிவையுங்கள். கிளம்புவதற்கு முன், சுவரெதிரே நிறுத்தி டிம் வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற கடையில் வண்டியை விடாதீர்கள். காட்டுகிறவரிடம் கூலியைக் குறைக்காதீர்கள்.