எழுவான்கரையில் ஒரு நன்றி நாள்

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தையும் காத்தான்குடியையும் கடந்து தெற்கே சென்றால் ஆரையம்பதியை அடையலாம். கிழக்கே கடல், மேற்கே வாவி. இக்கரை எழுவான்கரை, வாவிக்கு அப்பாலுள்ளது நெல்வயல்கள் பரந்த படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரை செல்வோருக்குப் ‘பாதை’யே துணை. வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுக்கு இப்பகுதியார் இட்ட பெயர் அது. எத்துணை அழகிய சொல்!

இவ்வாவி நாட்டிற்கு அமெரிக்க இயேசு சபைக் குருமார் பலர் தொண்டாற்ற வந்தனர். அவர்களுள் பெஞ்சமின் மில்லர் அடிகளார் 1948இல் வந்து, மட்டக்களப்பையே தம் ஊராக்கிக்கொண்டு, 2019இல் மறைந்தார். அவர்கள் பிறந்த நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை, அறுவடைக்காக இறைவனுக்கு நன்றி செலுத்தும் நாள். இங்கோ அப்போது மாரிக்காலம். பெரும்போகப் பயிர் இளம்பச்சையாய் நிற்கும். களத்தில் ஒரு மணி நெல்லும் இராது. விளையுமுன் சொல்லும் நன்றியே கடினமானது என்பது என் எண்ணம்.

1978ஆம் ஆண்டில் அந்த வியாழன் நவம்பர் 23ஆம் நாள் வந்தது. அன்றுதான் பெருஞ்சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் போயின. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. அந்நாளில் அமெரிக்கத் துறவி ஒருவர் எந்தச் சொற்களால் நன்றி கூறியிருப்பார்? சைவனாகிய எனக்கும் இவ்வினா எளிதில் அகலவில்லை.

தை பிறந்ததும் படுவான்கரையில் அறுவடை மும்முரமாகும். அக்காலத்தே ஆரையம்பதி முற்றங்களில் பானை பொங்கும்; தமிழ்க் கத்தோலிக்க ஆலயங்களிலும் பொங்கலிட்டுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பர்.