அம்மாவின் மாடிப்படி நாற்காலி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, 84 வயதான என் அன்னையார் மாடிப்படியின் நடுவே, அசையாத நாற்காலியொன்றில் அரைமணி நேரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. அதற்குக் காரணம் நானே என்பதால் இதனை எழுதுகிறேன்.

அம்மாவின் அறை மாடியில் இருக்கிறது. முழங்கால் மூட்டுகள் தேய்ந்தபின் எட்டு மாதங்கள் அவர் கீழே இறங்கவே இல்லை. யாரேனும் வந்த அரவம் கேட்டால், "யார் வந்திருக்கிறார்கள்?" என்று மேலிருந்தே வினவுவார். அந்தக் கேள்வியைத் தாங்கமாட்டாமல், சேமிப்பிலிருந்து எடுத்து, படியோரமாகத் தண்டவாளம் பதித்து, அதன்மேல் ஏறியிறங்கும் மின்நாற்காலியைப் பொருத்தினோம். 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சி. சி. கிறிஸ்பன் என்பவர் வீடுகளுக்கென அமைத்த நாற்காலியின் வழிவந்தது இது. முதல் நாள் அம்மா கீழே வந்து, திண்ணையில் அமர்ந்து, தெருவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவியலாது.

எங்கள் நாற்காலியை இயக்குபவை அதனுள் இருக்கும் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளே. வீட்டு மின்சாரம் அந்தப் பாட்டரிகளை நிரப்புவதற்கு மட்டுமே. ஆகவே மின்வெட்டு நேரத்திலும் நாற்காலி சிலமுறை ஓடும். ஆனால், அது தண்டவாளத்தின் மேல்கோடியிலோ கீழ்க்கோடியிலோ நிற்கும்போதுதான் மின்னேறும்.

மதுரையிலுள்ள தங்கை வீட்டுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு பத்து நாள் சென்றிருந்தோம். புறப்படுமுன், வழக்கம்போல எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தேன்; நாற்காலியின் சுவிட்சையும் சேர்த்து. திரும்பியபின் அதனைப் போட மறந்தேன். நாற்காலி 'பீப், பீப்' என்று மெல்லிய ஒலி எழுப்பியது.

"அது என்னவோ கூப்பிடுகிறது, தம்பி" என்றார் அம்மா.

"அது அப்படித்தான் அம்மா, ஒன்றுமில்லை" என்று நாளிதழில் தலைகவிழ்ந்தேன்.

மறுநாள் மாலை, இறங்கும் வழியிலேயே நாற்காலி நின்றுவிட்டது. தூக்கி இறக்க முனைந்த என்னைத் தொலைபேசி வழியே தடுத்தார், அதனைப் பொருத்திய தொழிலாளி. "பட்டையை அவிழ்க்காதீர்கள், ஐயா. அம்மாவை எழச் சொல்லாதீர்கள். இதோ வருகிறேன்" என்றார். என் மனைவி அம்மாவின் கையைப் பற்றியபடி படியிலேயே அமர்ந்திருந்தாள். அவர் வந்து, கைச்சக்கரத்தால் மெல்லச் சுழற்றி நாற்காலியை இறக்கினார். முற்றும் வற்றிய பாட்டரிகள் மீளவில்லை. புதியவை வாங்க நேர்ந்தது.

அன்றுமுதல் காலைதோறும், நாற்காலி மின்னேறும் இடத்தில் நிற்கிறதா, சுவிட்சு போட்டிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். படிகளில் செருப்போ பொம்மையோ கிடந்தால் அகற்றுகிறேன். தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். படிகளில் தண்ணீர் ஊற்றுவதில்லை. பிழிந்த துணியே போதும். 'கிரீச்' என்று ஒலித்தாலும் தேங்காயெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடுவதில்லை. அதில் தூசி ஒட்டி, பற்களுக்கிடையே கட்டிக்கொள்ளும். மூடியைத் திறப்பதும் இல்லை. அது பயின்றவர் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை அவரே வந்து முழுதும் சோதிக்கிறார்.

வாரம் ஒருமுறை ஆளில்லாமல் நாற்காலியை ஓடவிட்டு, கால்தட்டின் விளிம்பைக் குச்சியால் அழுத்துகிறேன். தடை பட்டதும் அது நின்றுவிட வேண்டும். நில்லாவிட்டால், பழுது நீங்கும்வரை அம்மா அதில் ஏறலாகாது. மேலே சேர்ந்ததும் இருக்கை படிக்கு எதிர்ப்புறம் திரும்பிப் பூட்டிக்கொண்ட பின்னரே பட்டையை அவிழ்க்கவேண்டும் என்பதை அம்மாவே எங்களுக்கு நினைவூட்டுகிறார்.

இத்தனைக்கும் ஐந்து நிமிடங்களே ஆகின்றன. அம்மா என்னை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அன்றிரவு, "உனக்கும் எத்தனையோ வேலை" என்று மட்டுமே சொன்னார். முதியவர்களும் அந்த நாற்காலியைப் போலத்தான். தமக்கு வேண்டியதை மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். இப்போது அம்மா, "தம்பி" என்றதும் நாளிதழை மடித்து வைத்துவிடுகிறேன்.