தீக்குப் பின் எழுந்த ஹாம்பர்க்

ஜெர்மனியின் இரண்டாவது பெரிய நகரம் ஹாம்பர்க். எல்பே ஆற்றுத் துறைமுகத்தால் உலகமறிந்த ஊர். பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஓலைச்சுவடி ஆய்வால் தமிழறிஞர்களும் அறிந்த ஊர். கடல் வெகு தொலைவில் இருந்தாலும் அதன் ஏற்றவற்றம் ஆற்றின் வழியே இங்கே வரை எட்டும். பழைய நகரத்தில் வாய்க்கால் வழியே படகில் வரும் சரக்கு வீட்டின் பின்வாசலிலேயே இறங்கும். பின்கட்டு கிடங்கு, முன்கட்டு குடியிருப்பு. அப்படிப்பட்ட வீடுகள் சில டைஷ்ட்ராஸே தெருவில் இன்றும் நிற்கின்றன.

ஊரை அழித்த தீ அந்தத் தெருவில்தான் பிடித்தது. 1842 மே 5, பின்னிரவு ஒரு மணி வாக்கில். பல நாளாக மழையில்லை. வாய்க்கால்களில் தண்ணீர் தாழ்ந்து கிடந்தது. மரச்சட்ட வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. கிடங்குகளில் இருந்த சாராயமும் அரக்கும் எரிந்தபடியே வாய்க்காலில் வழிந்தன. அன்று மாலைக்குள் நிக்கோலாய் தேவாலயத்தின் கோபுரம் சரிந்தது.

நடுவிலுள்ள வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்கினால் தீ நின்றுவிடும் என்று தீயணைப்போர் தொடக்கத்திலேயே கேட்டார்கள். நகர மன்றம் தயங்கியது. அடுத்த நாள் வெடிமருந்து வைத்து நகர மன்றக் கட்டடத்தையே தகர்த்தார்கள். தீயோ இடிபாட்டைத் தாண்டிப் போனது. மே 8 வரை எரிந்தது. 51 பேர் மாண்டார்கள், 1,700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். அந்தத் தயக்கத்தின் விலை மிகப் பெரிது என்பதே என் எண்ணம்.

மே 7ஆம் தேதி திறப்பு விழா காண இருந்தது பெர்கடோர்ஃப் ரயில்பாதை. விழாவுக்குக் காத்திராமல், வீடிழந்தவர்களை ஏற்றிச் செல்ல அது முன்கூட்டியே ஓடத் தொடங்கியது. சில மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட வணிகர் சந்தைக் கட்டடத்தைச் சிலர் உள்ளேயே இருந்து காப்பாற்றினார்கள். சுற்றிலும் எல்லாம் சாம்பல். தெருக்களில் இன்னொரு கொடுமையும் நடந்தது. தீ வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்று வதந்தி பரவி, அயலார் தாக்கப்பட்டார்கள்.

அந்த ஊரே மறுகட்டுமானத்தை ஓர் ஆங்கிலேயரை நம்பி ஒப்படைத்தது. ரயில்பாதை அமைத்த பொறியாளர் வில்லியம் லிண்ட்லி அவர். தெருக்களை அகலப்படுத்தினார். அதைவிட முக்கியம், தெருவுக்கடியில் அவர் போட்ட கழிவுநீர்க் கால்வாய்கள். ஐரோப்பியக் கண்டத்தில் அப்படியொரு முழு வடிகால் திட்டம் அதற்குமுன் அரிது. சுற்றுலாப் பயணிகள் ஆல்ஸ்டர் கரையின் வெள்ளை வளைவு மண்டபங்களைப் படமெடுக்கிறார்கள். அழகுதான், அவையும் தீக்குப் பின் கட்டியவையே. ஆனால் இந்த நகரத்தை வாழவைத்தது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால்வாய்களே. நிக்கோலாய் தேவாலயமும் மீண்டும் எழுந்தது. 1874இல் உலகிலேயே உயரமான கட்டடமாக நின்ற அதன் 147 மீட்டர் கோபுரம், 1943 குண்டுவீச்சில் தேவாலயம் சிதைந்த பின்னும் தனித்து நிற்கிறது.

ஒரு வேலையை மட்டும் ஊர் தள்ளிப்போட்டது. லிண்ட்லி ஆற்றிலிருந்து குழாய்நீர் கொண்டுவந்தார், அதை வடிகட்டும் மணற்படுகைகளைக் கட்டப் பல பத்தாண்டுகள் யாரும் பணம் ஒதுக்கவில்லை. 1892இல் காலரா வந்தபோது 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியிருந்த ஆல்ட்டோனா நகரில் தண்ணீரை வடிகட்டியே கொடுத்தார்கள், அங்கே சாவு மிகக் குறைவு. அதன்பின் அவசரமாகக் கால்டஹோஃபே தீவில் வடிகட்டிப் படுகைகள் 1893இல் செயல்படத் தொடங்கின. இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹாம்பர்க் போகிறவர்கள் துறைமுகத்தோடு திரும்பிவிடாமல் அந்தத் தீவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.