புகைக்காக உயர்ந்த கூடம்

பழைய இடங்களைப் பாதுகாக்கும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தன் முதல் கட்டடத்தை 1896-இல் வாங்கியது. விலை 10 பவுண்டு. இன்று அதன் வசம் பெரும் பிரபுக்களின் மாளிகைகள் எத்தனையோ உண்டு. கணக்கைத் தொடங்கி வைத்தது என்னவோ கிழக்கு ஸஸெக்ஸில், ஆல்ஃப்ரிஸ்டன் என்ற கிராமத்தில், சரிந்துகொண்டிருந்த ஒரு கூரைவீடுதான். கிளர்ஜி ஹவுஸ் என்று பெயர். இதைப் பார்ப்பதற்காகவே லண்டனிலிருந்து ரயிலேறி, பெர்விக் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, குக்மியர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போனேன்.

ஊர்ப் பொதுவெளியைத் தாண்டினால் சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய தேவாலயம். அதன் பக்கத்திலேயே வீடு. பெயரில் பாதிரியார் இருந்தாலும் அமைப்பில் இது வசதியான உழவர் வீடு. வயது ஏறக்குறைய 600. கென்ட், ஸஸெக்ஸ் பக்கத்தில் இவ்வகை வீடுகளுக்கு 'வீல்டன்' என்று பெயர். இரு முனைகளிலும் மாடி உண்டு. அந்த மாடிகள் கீழ்ச்சுவரைவிட முன்னால் பிதுங்கி நிற்கின்றன. நடுவில் இருக்கும் கூடம் மட்டும் உள்வாங்கியிருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. அதனால் நடுப்பகுதியில் இறவாணம் சுவரைத் தொடாமல் வெளியே நீண்டு நிற்க, வளைந்த ஓக் மரங்கள் அதைத் தாங்குகின்றன. எந்தக் கொத்தனார் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்றுதான் போவார்.

காலண்டர் படங்களில் வரும் ஆங்கிலேய வீடுகளில் மரமெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்குமே, அதை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. பல இடங்களில் அந்தக் கறுப்பு விக்டோரியா காலத்தவர் ஆசைப்பட்டுப் பூசியது. பூச்சு இல்லாத ஓக் வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகிவிடும். எனக்கு அதுதான் அழகாகப் பட்டது.

மரச்சட்டங்களுக்கு இடையில் இருக்கும் சுவர் வேறு கதை. குச்சிகளை நட்டு, வரிச்சு பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் மாட்டுச்சாணமும் மிதித்துக் குழைத்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பது அந்தக் காலத்து முறை. வாசலில் சாணி தெளிக்கும் ஊரில் பிறந்த எனக்கு அதில் விளக்கம் தேவைப்படவில்லை. தரைதான் திகைக்க வைத்தது. பக்கத்துக் குன்றுகளில் கிடைக்கும் சீமைச் சுண்ணாம்புக் கல்லை நொறுக்கி, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே புளித்த பாலை ஊற்றி இறுக வைப்பார்களாம். அந்த வட்டாரத்துப் பழைய வழக்கம்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். தளமே கிடையாது. தரையிலிருந்து முகடு வரை வெற்றிடம், அதன் குறுக்கே ஒரு பெரிய உத்தரம். கிராமத்து வீட்டுக்கு எதற்கு இவ்வளவு உயரம் என்று தோன்றும். ஆடம்பரத்துக்கு இல்லை, புகைக்காக. இவ்வகை வீடு கட்டிய நாளில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில், தரையிலேயே நெருப்பு. ஆட்களின் தலைக்கு மேலே புகை எழும்பித் தேங்கி, கூரை வழியாகவும் முகட்டோரத் திறப்புகள் வழியாகவும் மெல்லக் கசிந்து வெளியேறும். கூரை தாழ்ந்திருந்தால் மனிதர்கள் இருமியே செத்திருப்பார்கள். சன்னல்களிலும் அப்போது கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும் உள்ளே சாத்தும் பலகையும்தான். சமையல், சாப்பாடு, வேலைக்காரர்களின் தூக்கம் எல்லாம் அந்தப் புகைக்குக் கீழேதான்.

இன்னொரு விசித்திரம். கூடம் முகடு வரை எழும்புவதால் இரு முனை மாடிகளுக்கும் நடுவே வழி கிடையாது. ஒரு மாடியிலிருந்து மறு மாடிக்குப் போக வேண்டுமானால் கீழே இறங்கி, கூடத்தைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். புகைக்கு வழிவிட்டு மனிதர்கள் சுற்றிப் போயிருக்கிறார்கள்!

ஓக்கை அக்காலத் தச்சர்கள் உலர வைக்காமல் பச்சையாகவே அறுத்தார்கள். அப்போதுதான் உளி ஏறும். பட்டறையில் சட்டங்களைத் தரையில் கிடத்தி, பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று கீறி அடையாளமிட்டு, பிறகு பிரித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இணைப்புகளில் ஓக் முளைகள்தான். மரம் அந்த இடத்திலேயே உலர்ந்து சுருங்கும், கொஞ்சம் முறுக்கும். பழைய வீடுகள் கோணிக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கோணல் முதல் சில ஆண்டுகளிலேயே வந்திருக்கும். அதற்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றிருக்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வீட்டை இடிக்கவே அனுமதி கிடைத்துவிட்டது. குடியிருந்த மூதாட்டி தம் காலம் வரையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டதால் தப்பியது என்கிறார்கள். பிறகு ஊர்ப் பாதிரியார் அலைந்து திரிந்து உதவி தேடினார். 1895-இல்தான் பிறந்திருந்த நேஷனல் டிரஸ்ட், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில்லின் முனைப்பில் இதை ஏற்றது. பத்துப் பவுண்டுக்கு வாங்கியதைப் பழுதுபார்க்க அதைப்போலப் பல மடங்கு திரட்ட வேண்டியிருந்தது. ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக்கலைஞர் அந்த வேலையைச் செய்தார். புதிதுபோல் ஆக்காமல் விட்டாரே, அதற்கே அவரைக் கும்பிடலாம்.

மற்ற வீல்டன் வீடுகளின் கதை வேறு. 16-ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி ஊர்ப்புறத்துக்கும் பரவியது. நெருப்பு சுவரோரம் ஒதுங்கியதும் இத்தனை உயரம் யாருக்கும் தேவைப்படவில்லை. பெரும்பாலான வீல்டன் வீடுகளில் கூடத்தின் நடுவே தளம் போட்டு மேலே படுக்கையறை ஆக்கிக்கொண்டார்கள். அப்படி மாறிய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கூடம் இருந்தது பல வீடுகளில் உடனே தெரியாது. ஆய்வாளர்கள் டார்ச்சோடு பரணில் ஏறி, கைமரங்களில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்து உறுதிப்படுத்துகிறார்கள்.