நாகப்பட்டினத்து வாசல் நிற்கும் ஸ்காட்லாந்து மலை

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்நெஸ் நகரையும் தாண்டி, அல்னெஸ் என்ற சிற்றூருக்கு மேலே ஃபைரிஷ் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 453 மீட்டர்தான். மலையேறுகிறவர்கள் பெரிதாக மதிக்கிற உயரம் இல்லை. ஆனால் அதன் உச்சியில் கல்லால் கட்டிய ஒரு வாசல் தனியாக நிற்கிறது. நாகப்பட்டினம் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது. வரும் ஜூனில் ஒரு சனிக்கிழமை அதைப் பார்க்க ஏறப்போகிறோம். கிளாஸ்கோவில் படிக்க வந்தவர்கள் இருவர், வேலைக்கு வந்தவர்கள் இருவர். நால்வரில் ஒருவர் நாகைக்காரர்.

கட்டச் சொன்னவர் சர் ஹெக்டர் மன்றோ. அந்த வட்டாரத்தின் நிலப்பிரபு, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதி. 1764-ல் வங்காளத்தில் கலகம் செய்த சிப்பாய்கள் 20 பேருக்கும் மேல் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றவர். அதே ஆண்டு பக்சாரில் வென்றவர். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பொள்ளிலூரில், கம்பெனிப் படையின் ஒரு பிரிவை ஹைதர் அலியின் படை அழித்தபோது, உதவிக்குப் போய்ச் சேராமல் சென்னைக்குத் திரும்பியவரும் இவர்தான். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். 1782-ல் மலைமேல் வாசல் எழுந்தது. பொள்ளிலூருக்கு அவர் நினைவுச்சின்னம் எதுவும் கட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மலையைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை வருகிறது. அப்போது அங்கே ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். பிழைப்பின்றித் தவித்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் மன்றோ இதைக் கட்டினாராம். மேலே கொண்டுவந்த கற்களை அவரே மறுபடி கீழே உருட்டிவிடுவாராம், இன்னும் சில நாள் கூலி கிடைக்கட்டும் என்று. இதை அவருடைய நல்ல மனசுக்குச் சான்றாகச் சொல்கிறார்கள்.

நாகைத் தோழியின் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "ஏம்மா, ஏத்துன கல்லையே திரும்ப ஏத்தச் சொன்னா அது தருமமா? கல்லு சுமந்தவங்க யாரு, பேரு போட்டுருக்கா?"

சமூகவியலில் பட்டம் வாங்கி, களப்பணியில் பத்து வருடம் போன பிறகும் எங்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு நேராக வரவில்லை. நிலம் போன பிறகுதான் கூலி வருகிறது. நிலத்தை எடுத்தவர் கையாலேயே வருவதால் அதற்குக் கருணை என்று பெயரும் வந்துவிடுகிறது. அந்த மக்கள் நன்றி சொல்லிக்கொண்டு அடங்கியிருக்கவும் இல்லை. 1792-ல், வாசல் எழுந்து பத்தே ஆண்டில், அதே அல்னெஸ் ஆற்றின் மேற்பகுதியில் கில்டர்மோரி ஆட்டுப் பண்ணையில் தொடங்கிய தகராறு பெருங்கிளர்ச்சியானது. சுற்றுப்புற மக்கள் திரண்டு ஆயிரக்கணக்கான ஆடுகளை அந்த வட்டாரத்தைவிட்டே ஓட்டிவிடப் பார்த்தார்கள். ராணுவம் வந்து அடக்கியது. கேலிக் மொழியில் அதை 'ஆடுகளின் ஆண்டு' என்று இன்றும் சொல்கிறார்கள். மலையைத் தேடினால் முதலில் கிடைப்பது கல் உருட்டிய கதை. இது அதன் பின்னால் எங்கோ கிடக்கிறது.

அதற்காக அவர்கள் வலியும் நம் வலியும் ஒன்று என்று எழுதிவிட மாட்டோம். வெளியேற்றப்பட்ட அதே மலைநாட்டிலிருந்துதான் கம்பெனிக்குச் சிப்பாய்களும், கரீபியத் தோட்டங்களுக்குக் கங்காணிகளும் போனார்கள். கயானாவின் பெர்பீஸ் கரையில் ஃபைரிஷ், அல்னெஸ் என்றே ஊர்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்த தோட்டங்களின் பெயர்கள் அவை. கப்பலேறிப் போய் இன்னொரு மண்ணில் எசமானாகும் வழி அவர்களில் சிலருக்காவது இருந்தது. காவிரிக் கடைமடையின் பண்ணையாளுக்கு அது இல்லை. எங்கே போனாலும் சாதியும் கூடவே போகும். மன்றோ பிடித்த கோட்டையைச் சுற்றியிருந்த வயல்களில் நின்றவர்கள் அந்தப் பண்ணையாட்கள்தான். டச்சுக்காரன் போய் வெள்ளைக்காரன் வந்ததில் அவர்களுக்கு என்ன மாறியது?

இனி பயணத்துக்கு வருவோம். வெள்ளி இரவு இன்வர்நெஸ். காலை ரயிலில் அல்னெஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வண்டிகள் குறைவு, தவறவிட்டால் அரை நாள் போச்சு. நிலையத்திலிருந்து மலையடி வரை சாலையோரமாக நடை, பிறகு காட்டுவழி. மேலே ஏறினால் ஒரு பக்கம் பென் விவிஸ் மலை, இன்னொரு பக்கம் குரோமார்ட்டி கடற்கழியும் அதில் நிறுத்திவைத்திருக்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமில்லை. மிட்ஜ் என்ற பொடி ஈக்கள்தான் தொல்லை. தலைக்கு வலை வேண்டும். மதியத்துக்கு மாட்டுக்கறி சுக்காவும் எலுமிச்சை சோறும். டப்பாவில் என்ன என்று யாரும் மோந்து பார்க்கப்போவதில்லை.

திட்டமிடும்போது எங்களில் இளையவர் கேட்டார்: "அண்ணா, அது தனியார் நிலமாச்சே, யாருகிட்ட அனுமதி வாங்கணும்?" யாரிடமும் வேண்டாம். 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம். வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் பயிருக்குள்ளும் போகக் கூடாது, திறந்த கேட்டை மூடிவிட வேண்டும், அவ்வளவே. தெரு வழியே செருப்புப் போட்டு நடந்ததற்கு அடி வாங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனாலும் ஏமாந்துவிட வேண்டாம் தோழர்களே. நடக்கும் உரிமை வேறு, நிலம் வேறு. நிலம் இன்னும் பெரும் பண்ணைகளின் கையில்தான் இருக்கிறது. பஞ்சமி நிலத்துக்கு மனுப் போட்டு அலைகிற நமக்கு இந்த வித்தியாசம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலே போய் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. கீழ்வெண்மணி நாகை மாவட்டத்தில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25-ல் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களை அந்த வாசலில் நின்று வாசிக்கலாம் என்கிறார் ஒருவர். வெற்றிக்குக் கட்டிய வாசலில் நம் ஆட்களின் பெயரை எதற்கு வாசிக்க வேண்டும் என்கிறார் நாகைத் தோழி. அவருக்கு அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு வாசலைக் காட்டினால் போதுமாம். மலையுச்சியில் சிக்னல் கிடைக்குமா என்று மூன்றாமவர் கவலைப்படுகிறார். இன்னும் முடிவாகவில்லை. மழைக்கோட்டு வேறு ஒன்று குறைகிறது.