பேர் சொன்னால்தான் கதவு

பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? கல்யாணப் பத்திரிகையின் மூலையில், வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், எண்ணை எழுதி பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருப்போம். போன் நம்முடையது இல்லை, எதிர்வீட்டு மாமாவுடையது என்று அர்த்தம். யாராவது கூப்பிட்டால் அவர் வீட்டுப் பையன் வந்து சொல்வான். நாம் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவோம். ஒரு போன், பத்துக் குடும்பம். மாமாவுக்கு மூடு சரியில்லாத நாளில், "அவங்க ஊர்ல இல்லியே" என்று ரிசீவரை வைத்துவிடுவார். நம்மோடு யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை முடிவு செய்தவர் மாமாதான்.

இதை அப்படியே தலைகீழாக்கினால் கிடைப்பது கூகுள் வாய்ஸ். ஓர் ஆள், ஒரு நம்பர், பல போன். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளையிடமோ மருமகனிடமோ இப்படி ஒரு நம்பர் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்கு சிம் கார்டு கிடையாது, கம்பி கிடையாது. எங்கோ கம்ப்யூட்டரில் இருக்கிறது. யாராவது அழைத்தால் செல்போன், ஆபீஸ் மேஜை, வீடு என்று சொல்லிவைத்த எல்லா இடத்திலும் சேர்ந்து அடிக்கும். ஆறு எண்கள் வரை இணைக்கலாம். எதை எடுக்கிறோமோ அதில் பேச்சு.

கிரெய்க் வாக்கர், வின்சென்ட் பாக்கே என்ற இரண்டு பேர் 'கிராண்ட் சென்ட்ரல்' என்று ஆரம்பித்த சின்னக் கம்பெனி இது. 2007-ல் கூகுள் வாங்கியது. 2009-ல் பேரை மாற்றி, 2010 ஜூனில் அமெரிக்காவில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தனிநபருக்கு இலவசம். ஆனால் வாங்க வேண்டுமென்றால் முதலில் கையில் ஓர் அமெரிக்க நம்பர் இருக்க வேண்டும்.

வாங்குவது பத்து நிமிஷ வேலை. அதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். 'செட்டிங்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது பாருங்கள், அதைத் திறப்பதே இல்லை. எதிர்வீட்டு மாமா இப்போது உட்கார்ந்திருப்பது அங்கேதான்! நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் இஷ்டத்துக்கு வாசலைப் பார்த்துக்கொள்வார்.

உதாரணமாக 'தொந்தரவு செய்யாதே' என்று ஒரு பொத்தான். 2020-ல் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது அமெரிக்க டீச்சர்கள் பலர் பெற்றோரோடு பேச இந்த நம்பரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சொந்த நம்பரைக் கொடுக்க வேண்டாம். சாயங்காலம் இந்தப் பொத்தானைத் தட்டிவிட்டால் அழைப்பெல்லாம் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். நிம்மதியாகச் சாப்பிடலாம். மறுநாள் காலை அதை எடுத்துவிட மறந்தால்? போன் அடிக்காது. அடிக்கவில்லை என்பதும் தெரியாது. ஒரு நாள் முழுக்க நம்மை யாருமே தேடவில்லை போலிருக்கிறது என்று லேசாக வருத்தம்கூட வரும்.

அடுத்தது, அழைப்பவரின் பேரைக் கேட்கும் வசதி. ஒரு குரல் ஆங்கிலத்தில் பேர் கேட்கும், சொன்னதைப் பதிவு செய்யும். நீங்கள் போனை எடுத்ததும் அதைப் போட்டுக் காட்டும். பிடித்திருந்தால் 1-ஐ அழுத்துங்கள், இல்லையென்றால் வாய்ஸ்மெயிலுக்குத் தள்ளுங்கள். விளம்பரக் கம்பெனிகளை விரட்ட இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. உங்கள் செல்போன் கம்பெனியின் சொந்த வாய்ஸ்மெயில் முந்திக்கொண்டு அழைப்பை விழுங்கிவிடும் தொல்லையும் இதில் தீரும். இயந்திரத்துக்கு 1-ஐ அழுத்தத் தெரியாது!

ஆனால் மதுரையிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வாட்ஸ்அப்தான் இருக்கிறதே என்பீர்கள். நெட் இல்லாத நாளும் உண்டு.) ஒரு வெள்ளைக்காரக் குரல் பேர் கேட்கிறது. அம்மா என்ன சொல்வாள்? "நான்தான்டா." பெற்ற பிள்ளையிடம் பேர் சொல்லிக்கொண்டு உள்ளே போகும் வழக்கம் நம் ஊரில் எந்த அம்மாவுக்கு இருக்கிறது? இரண்டு தரம் இப்படி ஆனால் மூன்றாம் தரம் கூப்பிடமாட்டாள். "அவன் பெரிய ஆளாயிட்டான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தனி விதி வைக்கும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

வாய்ஸ்மெயிலைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 2008-ல் சான்ஃபிரான்சிஸ்கோ நகரமும் கூகுளும் சேர்ந்து, அந்த ஊரில் வீடில்லாமல் தெருவிலும் விடுதியிலும் இருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு நம்பரும் வாய்ஸ்மெயிலும் தருவதாக அறிவித்தன. கையில் போன் இல்லாதவனுக்கு நம்பர் எதற்கு என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். வேலைக்கு மனுப் போட்டவன் விடுதியின் நம்பரைக் கொடுத்தால், முதலாளி கூப்பிடும்போது "ஷெல்டர்" என்று யாரோ எடுப்பார்கள். அதோடு வேலை போச்சு. சொந்த நம்பர் இருந்தால் அவன் குரலே பேசும்: "இப்போது எடுக்க முடியவில்லை, செய்தி சொல்லுங்கள்." ஏதாவது ஒரு போனிலிருந்து அதைக் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் குரலுக்குப் பின்னால் வீடு இருக்கிறதா, பிளாட்பாரமா என்று கூப்பிட்டவருக்குத் தெரியவேண்டியதில்லை. டாக்டரும் பிரிந்துபோன மகளும் அவனைத் தேடினால் வந்து சேரும் ஒரே விலாசம் அதுதான். இந்த ஒரு காரியத்துக்காகவே இதைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடலாம்.

ஆகவே, வரவேற்புச் செய்தியை உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். வந்த செய்தியை எழுத்தாக்கி மெயிலில் அனுப்பும் வசதியும் உண்டு. சௌகரியம்தான், ஆனால் மருந்தின் அளவு, இன்டர்வியூ தேதி மாதிரி விஷயங்களை ஒருமுறை காதால் கேட்டுவிடுவது உத்தமம்.

எஸ்.எம்.எஸ். விஷயத்தில் மாமா கொஞ்சம் கறார். அமெரிக்கா, கனடா எண்களுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். திருச்சிக்குப் போகாது. அமெரிக்க பேங்குகள் பல, இந்த மாதிரி இன்டர்நெட் நம்பருக்கு ரகசிய எண் அனுப்ப மறுத்துவிடும்.

ரகசிய எண் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். ஒருவன் கூப்பிட்டு, "நீங்கள் நிஜ ஆளா என்று எப்படி நம்புவது? ஆறு இலக்க எண் ஒன்று அனுப்புகிறேன், படித்துச் சொல்லுங்கள்" என்பான். அது கூகுள் அனுப்பும் எண். சொன்னீர்களோ, உங்கள் போனை ஜாமீனாக வைத்து அவன் ஒரு வாய்ஸ் நம்பர் திறந்துகொள்வான். அப்புறம் அதைக் காட்டி ஊரை ஏமாற்றுவான். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனே 2021-ல் இதுபற்றி எச்சரிக்கை கொடுத்தது. மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் போன் எண்ணைத் தங்கள் கணக்கோடு மறுபடி இணைத்து மீட்டுக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு. தனிநபர் வாய்ஸ் நம்பரிலிருந்து 911-ஐக் கூப்பிட முடியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் நேரத்தில் இதை நம்பக்கூடாது. வீட்டில் குழந்தைகளுக்கும், இந்தியாவிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் நிஜ போன் எது என்று காட்டி வையுங்கள். அப்புறம், நீண்ட நாள் உபயோகிக்காமல் போட்டுவைத்தால் நம்பரைத் திருப்பி எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அவ்வப்போது அதிலிருந்து யாரையாவது கூப்பிடுங்கள். யாரும் தோன்றாவிட்டால் அம்மாவைக் கூப்பிடுங்களேன். கொஞ்சம் காசு ஆகும், ஆனால் அவள் பேர் கேட்கமாட்டாள்.